வலைப்பந்து ரீச்சரை ஊரில் இருக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாகாண மட்டப் போட்டிகள் முடிந்தவுடன் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும் படங்களை நான் விடாமல் பார்க்கிறவள். வலைப்பந்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், நடுவில் கிண்ணம், முன்கதிரைகளில் அதிபரும் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்களும். படத்துக்குக் கீழே பாடசாலையின் பெயர் இருக்கும், அணித்தலைவியின் பெயர் இருக்கும், பிரதம விருந்தினரின் பெயர் கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பழக்கினது யார் என்று மட்டும் இருக்காது. பழக்கிறவர்களைப் பற்றித்தான் எழுத வருகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், இடமிருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

வன்னியில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். உடற்கல்விக்கு ஆள் இல்லாத வருடங்களில் வலைப்பந்து அணியும் என் தலையில் வந்து விழுந்தது, அதனால் இந்த வேலையின் பாரம் தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகள் அங்கே பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து விளையாடுகிறாள், அவள் மூலமாகத்தான் பாட் சம்மிட் என்ற பெயர் எனக்கு அறிமுகமானது. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்துப் பெண்கள் கூடைப்பந்து அணியை 1974 இலிருந்து 2012 வரை, 38 பருவங்கள், ஒன்றுகூட விடாமல் பயிற்றுவித்தவர். 1098 வெற்றி, 208 தோல்வி, எட்டுத் தடவை தேசிய சம்பியன். இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு மனதில் நின்றது அந்த 38 தான். ஒரு பெண்ணை ஒரே இடத்தில் ஒரே வேலையில் அவ்வளவு காலம் இருக்க விட்டிருக்கிறார்கள்.

அவர் பிறந்தது 1952 இல், டென்னசி மாநிலத்துத் தோட்டக்காரக் குடும்பத்தில். பால்மாடும் புகையிலையும். புகையிலைத் தோட்டத்து வேலை எப்படியென்று எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூன்று அண்ணன்மாரோடு வைக்கோல் பரணில் பந்து போட்டு வளர்ந்தவர். அவர்கள் இருந்த இடத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு அணி இல்லை என்று தெரிந்தவுடன் தகப்பன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு ஹென்றியெட்டா என்ற பக்கத்து ஊருக்குக் குடிபோனார், அங்கே அணி இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. எங்களிலும் பிள்ளைக்காக வீடு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிக்க வேண்டும் என்று முல்லைத்தீவுப் பக்கமிருந்து வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போன குடும்பங்களை எனக்கு நன்றாகத் தெரியும். மகளின் விளையாட்டுக்காக வீடு மாறிய தகப்பனை நான் இன்னும் காணவில்லை. காண ஆசை.

பிறகு அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அண்ணன்மாருக்கு விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை, தாய் தகப்பன்தான் காசு கட்டிப் படிப்பித்தார்கள். அமெரிக்கா என்றால் எல்லாம் முதலிலிருந்தே நன்றாக இருந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசாங்கப் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்கள் ஆண் பெண் என்று வேற்றுமை காட்டக்கூடாது என்ற சட்டமே அங்கே 1972 இல்தான் வந்தது.

1974 இல், 22 வயதில், முதுமாணிப் படிப்புப் படித்துக்கொண்டு உதவிப் பயிற்றுநராக இருக்கலாம் என்றுதான் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே இருந்த பயிற்றுநர் விலகிப்போக, அணி முழுவதும் இவர் கையில் வந்தது. மாதம் 250 டொலர். விளையாட்டு வீராங்கனைகள் சிலருக்கும் இவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. சீருடை தோய்ப்பதும் இவர்தான், வான் ஓடுவதும் இவர்தான், அந்தச் சீருடைகூட முந்தின வருடம் பிள்ளைகள் டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியது. பகலில் மாணவர்களுக்கு உடற்கல்வி படிப்பிப்பு, தன்னுடைய படிப்பு, பின்னேரம் அணி, இதற்கிடையில் முழங்கால் சவ்வு கிழிந்து அதற்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தார், ஏனென்றால் 1976 ஒலிம்பிக்கில் தானே விளையாட வேண்டும் என்ற ஆசை. மொன்றியலில் விளையாடி வெள்ளிப் பதக்கமும் எடுத்தார். 1984 இல் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்றுநராகப் போய்த் தங்கமும் எடுத்துக் கொடுத்தார்.

சீருடை தோய்க்கிற கதையை வாசித்தபோது எங்கள் ரீச்சர்மார்தான் கண்ணுக்குள் வந்தார்கள். கோட்டப் போட்டிக்கு முதல்நாள் இரவு பிள்ளைகளின் மேலங்கிகளைத் தன் வீட்டுக் கிணற்றடியில் தோய்த்துக் கொடியில் காயப்போடுகிற ரீச்சர்மார் மல்லாவியிலும் இருக்கிறார்கள், விசுவமடுவிலும் இருக்கிறார்கள். விடியப்புறம் ஓட்டோவில் பிள்ளைகளை ஏற்றி மாங்குளம் சந்திக்குக் கொண்டுவந்து, அங்கே பஸ் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்குத் தன் காசைக் கொடுத்து, திரும்பி வரும்போது பொழுதுபட்டால் ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டுப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து வீதிகளில் யானைப் பயமும் சேர்ந்துவிடும். ஆண்பிள்ளைகளின் அணிக்கு இதில் பாதி வேலை இல்லை, அவர்கள் சைக்கிளில் தங்கள் பாட்டில் போய் வருவார்கள். பெண்பிள்ளைகளின் அணி என்றால் தாய்மாரைச் சந்தித்துச் சம்மதம் கேட்பதிலிருந்து தொடங்குகிறது, அதுவும் ஒருதரம் கேட்டால் போதாது, ஒவ்வொரு போட்டிக்கும் கேட்க வேண்டும்.

சம்மிட் பயிற்றுவித்த முதல் ஆட்டம் தோல்வி. மேர்சர் அணியிடம் 84 க்கு 83 என்று ஒரே புள்ளியில். அந்த முதல் பருவம் 16 வெற்றி 8 தோல்வியோடு முடிந்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் முதல் தேசியக் கிண்ணம் எப்போது வந்தது தெரியுமா? 1987 இல். பதின்மூன்று பருவங்கள்! அதற்கிடையில் 1980, 1981, 1984 என்று மூன்று தடவை இறுதியாட்டம் வரைக்கும் போய்த் தோற்றார். இவரால் ஏலாது, ஆளை மாற்றுவோம் என்று அந்தப் பல்கலைக்கழகம் நினைக்கவில்லை. அதன் பிறகுதான் 1989, 1991, பிறகு 1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று, பிறகு 2007, 2008. அந்த 1998 பருவத்தில் 39 ஆட்டமும் வெற்றி, ஒன்றும் தோல்வியில்லை. அந்த 38 பருவத்தில் எதிலும் வெற்றியை விடத் தோல்வி கூடவில்லை.

எங்கள் பக்கத்தில் நடப்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வன்னி கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பிரித்து வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிமாவட்ட சேவைக்கு வருகிற ஆசிரியர்கள் தங்கள் காலம் முடிய இடமாற்றம் கேட்டுப் போகிறார்கள். அவர்களில் நான் குறை சொல்லவே மாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதான தாய் தகப்பன் இருக்கிறார்கள், வாடகை அறையில் தனியே இருந்து எங்கள் பிள்ளைகளுக்கு நேர்மையாக உழைத்துவிட்டுப் போன பலரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவள் நான். கணிதத்துக்கு ஆள் மாறினால் பாடப்புத்தகம் ஒன்றுதான், மூன்றாம் அலகில் விட்டதை அடுத்தவர் மூன்றாம் அலகிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். அணிக்கு அப்படி முடியாது. எந்தப் பிள்ளைக்கு எந்த முழங்கால் நோகும், யார் சத்தம் போட்டால் உற்சாகப்படுவாள், யார் சுருங்கிப்போவாள், யாருடைய தகப்பன் குடித்துவிட்டு வந்தால் அடுத்தநாள் பயிற்சிக்கு வரமாட்டாள், இதெல்லாம் அந்த ரீச்சரோடு பஸ் ஏறிப் போய்விடும்.

பெயர் சொல்லாமல் ஒரு பாடசாலையின் கதையைச் சொல்கிறேன். நல்ல வலைப்பந்து ரீச்சர் ஒருவர் இருந்தார், கிரவல் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் பழக்கினார், பிள்ளைகள் மாகாண மட்டம் வரைக்கும் போனார்கள். அடுத்த வருடம் போட்டிக் காலத்துக்கு நடுவில் அவருக்கு இடமாற்றம் வந்தது. பதிலுக்கு வந்தவர் கரப்பந்து நன்றாகத் தெரிந்த ஓர் இளம் ஆசிரியர், நல்ல பிள்ளை, ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் தனியே ஓர் ஆண் ஆசிரியரோடு பயிற்சி என்றவுடன் தாய்மார் ஒவ்வொருவராக மறித்தார்கள். கோல் சூட்டராக நின்ற பிள்ளை, உயரமும் கைநிதானமும் ஒருசேர வாய்த்த பிள்ளை, சாதாரணதரம் முடிய வீட்டோடு நின்றுவிட்டாள். இரண்டு வருடத்தில் அந்தத் திடலில் புல் வளர்ந்து மாடு மேய்ந்தது. அங்கே தவறு செய்த ஆள் என்று ஒருவரைக் கைகாட்ட என்னால் முடியாது, அந்த இடமாற்றத்துக்கு ஆறு மாதம் பிந்தித் திகதி போட்டிருந்தால்கூடப் போதும்.

2009 பெப்ரவரி 5 இல் சம்மிட்டுக்கு ஆயிரமாவது வெற்றி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதற்பிரிவுக் கூடைப்பந்தில், ஆண்கள் அணி பெண்கள் அணி இரண்டிலும் சேர்த்து, அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பயிற்றுநர் அவர்தான். போரின் கடைசி மாதங்கள் அவை, அந்தத் திகதியில் எங்கள் பிள்ளைகள் எந்தப் பதுங்குகுழிக்குள் இருந்தார்கள் என்று வன்னியில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடங்கள் இடம்பெயர்ந்து, பிறகு இல்லாமலே போய், மெனிக் பாம் அகதி முகாமுக்குள் கூடாரத்தில் பாடம் நடத்தி, 2010 இல் திரும்பி வந்து கூரையில்லாத கட்டடங்களில் தொடங்கினோம். இது எவருடைய சாதனையோடும் எங்கள் துன்பத்தை நிறுத்துப் பார்க்கிற பேச்சு இல்லை. மீள்குடியேறின அந்த வருடத்தில் ஒரு பாடசாலையில் ஒரு பெண்ணை வலைப்பந்துக்கென்று இருத்தி, அவரை அசைக்காமல் விட்டிருந்தால், சம்மிட் தன் முதல் கிண்ணத்துக்கு எடுத்த அந்தப் பதின்மூன்று வருடத்தை அவர் இப்போது தாண்டியிருப்பார். கணித ரீச்சர் என்பதால் இந்தக் கணக்கு எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்தது படிப்பு. பெண்பிள்ளைகளை விளையாட்டிலிருந்து மறிக்கிற தாய்மார் சொல்கிற முதல் காரணம் ரியூசன். நானும் ரியூசன் கொடுத்தவள்தான், அந்தப் பயத்தை விளங்காதவள் இல்லை, போரில் எல்லாம் போன குடும்பத்துக்குக் கையில் மிஞ்சினது பிள்ளையின் படிப்பு மட்டும்தான் என்றால் அதை ஒரு பந்துக்காக ஆபத்தில் விட யாருக்கும் மனம் வராது. சம்மிட் இதை எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். அவருடைய அணிப்பிள்ளைகள் வகுப்பில் முன்மூன்று வரிசைக்குள்தான் இருக்க வேண்டும். காரணமில்லாமல் ஒரு வகுப்புக்குப் போகாவிட்டால் ஆட்டத்தில் இறங்க முடியாது, அவள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் சரி. இதன் பலன், அவரிடம் தங்கள் விளையாட்டுக் காலத்தை முழுதாக முடித்த பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். ஒருத்தியும் விடுபடவில்லை. இந்த ஒரு செய்தியை உங்கள் பத்திரிகை பெரிய எழுத்தில் போட்டால்கூடத் தகும் என்பேன். வகுப்பாசிரியையும் விளையாட்டு ஆசிரியையும் ஒருவர் பிள்ளையை மற்றவரிடமிருந்து பறிக்கிற மாதிரி நடந்துகொள்கிற பாடசாலைகளில், முன்வரிசையில் இரு, வீட்டுவேலை செய்துகொண்டு வா, பிறகு பந்தைத் தொடலாம் என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒரு ரீச்சர் இருந்தால் தாய்மாரே பிள்ளையை அனுப்புவார்கள். ஆனால் அப்படிச் சொல்ல அவர் அந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்திருக்க வேண்டும், நேற்று வந்தவர் சொன்னால் எடுபடாது.

டமிக்கா கட்சிங்ஸ் என்று ஒரு வீராங்கனை. பிறவியிலேயே காது கேட்பதில் குறை. சின்ன வயதில் மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணியதால் காதுக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு அது இல்லாமலே வளர்ந்தவர். டென்னசிக்கு வந்த பிறகு சம்மிட்தான் அவரை இருத்திப் பேசி மறுபடி கருவியைப் போடவைத்தார், பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பினார். அந்தக் கட்சிங்ஸ் பிறகு நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றார். செல்லடியில் காது போன பிள்ளைகளையும், உடம்பில் சன்னத்தோடு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளையும் படிப்பித்த எங்களுக்கு, வகுப்பறையில் கடைசி வாங்கில் ஒளிந்திருக்கிற பிள்ளை எப்படி இருப்பாள் என்று தெரியும். அவளை எழுப்பி நடுவில் நிறுத்த ஒரு பெரிய ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் விளையாட்டுத் திடலில்தான் கிடைப்பார். அவர் கடுமையானவராகவும் இருக்கலாம். சம்மிட் மிகக் கடுமை, அவருடைய முறைப்புக்கே பிள்ளைகள் நடுங்குவார்களாம்.

பெண் ரீச்சர்தான் வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1972 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகளில் நூற்றுக்கு 90 க்கு மேல் பெண்களே பயிற்றுநர்களாக இருந்தார்கள். சட்டம் வந்து, பணம் வந்து, அந்த வேலைக்கு மதிப்பு வந்த பிறகு ஆண்கள் அந்த இடங்களுக்கு வந்தார்கள், பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. சம்மிட்டையே ஆண்கள் அணியைப் பொறுப்பெடுக்கச் சொல்லி 1994 இலும் 2001 இலும் கேட்டிருக்கிறார்கள், இரண்டு தடவையும் மாட்டேன் என்றுவிட்டார், அதை ஏன் ஒரு பதவி உயர்வாக நினைக்கிறீர்கள் என்பதுதான் அவர் கேட்டது. 250 டொலரில் தொடங்கியவர் 2006 இல் வருடத்துக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்றுநரானார். எங்கள் ரீச்சர்மாருக்கு டொலர் வேண்டாம், ஓட்டோக் காசையும் சாப்பாட்டுக் காசையும் மாதக் கணக்கில் அலையவிடாமல் கொடுத்தாலே பெரிய காரியம்.

கடைசிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 இல், 59 வயதில், தனக்கு அல்சைமர் என்ற மறதிநோய் வந்திருக்கிறது என்று அவரே வெளிப்படையாக அறிவித்தார். அதன் பிறகும் ஒரு பருவம் அணியோடு நின்று 2012 இல் விலகினார், 2016 ஜூனில் காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் ஹொலி வோர்லிக். யார் இவர்? 1976 இலிருந்து 1980 வரை அதே அணியில் சம்மிட்டிடம் விளையாடினவர், 1985 இலிருந்து அவருக்கு உதவிப் பயிற்றுநராக நின்றவர். சில வருடம் கழித்து வோர்லிக்குக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த கெல்லி ஹார்ப்பரும் சம்மிட்டிடம் விளையாடி மூன்று கிண்ணம் வென்ற பிள்ளைதான். அடுத்த ரீச்சரை அந்த அணியே பெற்றுக்கொண்டது.

எங்களுக்கும் இதுதான் வழி என்று நான் நம்புகிறேன். தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து போய் 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் நின்றவர், எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். வன்னியிலும் மாகாண மட்டம் வரைக்கும் விளையாடி, சாதாரணதரமோ உயர்தரமோ முடித்து, கல்யாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு துணுக்காயிலும் புதுக்குடியிருப்பிலும் தருமபுரத்திலும் இருக்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இடமாற்றம் வராது. அவர்கள் வீடு இங்கே, வயல் இங்கே, பிள்ளைகள் இதே பள்ளிக்கூடத்தில். தாய்மாருக்கு அவர்களைத் தெரியும், பின்னேரம் ஆறு மணி ஆனாலும் பிள்ளையை நம்பி விடுவார்கள். இவர்களுக்கு முறையான பயிற்றுநர் பயிற்சியும் நடுவர் பயிற்சியும் கிளிநொச்சியிலேயே வைத்துக் கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, பின்னேரப் பயிற்சிக்கு மாதம் ஒரு நிலையான கொடுப்பனவு கொடுத்தால், உடற்கல்வி ஆசிரியர் மாறினாலும் அணி குலையாது. மாகாணக் கல்வித் திணைக்களமும் பிரதேச செயலகங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்களும் ஒரு மேசையில் இருந்து கதைத்தால் இதற்குப் பெரிய செலவு வராது. போட்டிக் காலத்துக்கு நடுவில் பெண்கள் அணிப் பொறுப்பில் உள்ளவருக்கு இடமாற்றக் கடிதம் கொடுப்பதில்லை என்ற ஒரு முடிவுக்குச் செலவே இல்லை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நிருபர்கள் அணித்தலைவியின் பெயரைக் கேட்கும்போதே பழக்கினவரின் பெயரையும், எத்தனை வருடமாகப் பழக்குகிறார் என்பதையும் கேட்டு எழுதட்டும். வருடத்தைக் கேட்டு எழுதத் தொடங்கினால் எங்கே ஆள் நிலைக்கிறது, எங்கே நிலைக்கவில்லை என்று வலயத்துக்கும் தெரியவரும்.

துணுக்காய்ப் பக்கத்தில் முன்னாள் வலைப்பந்து வீராங்கனைகள் சிலரிடம் நான் ஏற்கனவே பேசியிருக்கிறேன், வாரத்தில் மூன்று பின்னேரம் வரத் தயார் என்கிறார்கள். அவர்கள் விளையாடிய வருடங்களும் படித்த பாடசாலைகளும் எழுதி வைத்திருக்கிறேன். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்தோ பாடசாலைகளிலிருந்தோ யாராவது இந்தக் கடிதத்தைப் பார்த்து அந்த விபரத்தைக் கேட்டால், பத்திரிகை அலுவலகம் மூலமாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மல்லாவி